கசினோ வாசலில் விழுந்தவருக்கு எவ்வளவு அவகாசம் இருக்கிறது?

அன்புள்ள தம்பி,

பெற்றோர், பாட்டன் பாட்டிமாருக்குக் கனடா கொடுக்கும் நீண்டகால வருகை விசாவான சுப்பர் விசாவில் வந்திருக்கும் உங்கள் மாமியார், ஒன்ராறியோ பக்க நயாகராவில் உள்ள ஒரு கசினோவின் வாகனத் தரிப்பிடத்திலிருந்து வாசலுக்கு நடந்து போகையில் உறைபனியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டு ஐந்து வாரமாகிறது என்று எழுதியிருந்தீர்கள். நட்டஈடு கேட்க இரண்டு வருடம் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம் என்று உறவினர் ஒருவர் சொன்னது சரியா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டு வருடம் என்பது சரி. அவசரப்பட வேண்டாம் என்பது தவறு. உங்கள் விடயத்தில் மூன்றரை வாரம்தான் மிச்சமிருக்கிறது.

ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, காயம் நேர்ந்ததையும் அதற்கு யார் பொறுப்பு என்பதையும் அறிந்த நாளிலிருந்து, அதாவது பெரும்பாலும் விழுந்த நாளிலிருந்தே, இரண்டு வருடத்துக்குள் வழக்கைப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் தனியார் பராமரிக்கும் இடத்தில் பனியினாலோ உறைபனியினாலோ விழுந்தவர், 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்தல் கொடுத்தாக வேண்டும் என்ற விதி 2021 ஜனவரி 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தக் கடிதத்தில் விழுந்த திகதி, நேரம், சரியான இடம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அதை நேரில் கையளிக்க வேண்டும் அல்லது பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். கசினோவை நடத்தும் நிறுவனத்துக்கோ, பனி அகற்றும் ஒப்பந்தகாரருக்கோ அது போய்ச் சேர்ந்தால் போதும். கிடைத்தவர் அதை மற்றவருக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 60 நாள் தவறினால் தக்க காரணம் காட்டித் தப்ப ஒரு வழி உண்டு. ஆனால் ஒரு பதிவுத் தபாலில் முடிகிற வேலையை நீதிபதியின் தயவுக்கு விட்டுவைக்காதீர்கள். அவர் விழுந்தது கசினோ எல்லைக்கு வெளியே, நகரசபையின் நடைபாதையில் என்றால் கணக்கே வேறு: அங்கே அறிவித்தலுக்குப் பத்து நாள்தான்.

வாசலுக்கு உள்ளே, சப்பாத்துகளோடு வந்த பனி உருகி நனைந்த தரையில் விழுந்தவர்களுக்கும் நான் இதையே சொல்வேன். அது பனி விழுகையா, ஈரத்தரை விழுகையா என்று பின்னால் சட்டத்தரணிகள் வாதிடட்டும். கடிதம் 60 நாளுக்குள் போய்விட வேண்டும்.

இதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் கமெரா. கசினோவைப் போல் மூலைமுடுக்கெல்லாம் கண்காணிக்கப்படும் இடம் குறைவு. ஆனால் பதிவுகள் காலவரையின்றி வைத்திருக்கப்படுவதில்லை, பழையதன் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா வேறொரு வணிக வளாகத்தில் விழுந்து, பல மாதம் கழித்துச் சட்டத்தரணியிடம் போனபோது, காணொளி அழிந்துபோயிருந்தது; தரை ஈரமாக இருந்ததற்கு அவருடைய வாய்ச்சொல் மட்டுமே மிஞ்சியது. ஆகவே, அந்த நாளின் காணொளி, கசினோக் காவலர் எழுதிய சம்பவ அறிக்கை, உறைபனி உருக உப்புப் போட்ட நேரங்களின் குறிப்பு ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்குமாறு அதே கடிதத்தில் கேளுங்கள். மாமியார் அன்று போட்டிருந்த சப்பாத்தை இனி அணியவோ கழுவவோ வேண்டாம். அடிப்பகுதி தேய்ந்திருந்தது என்பதுதான் எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் வாதம். கசினோ ஊழியர் கொடுத்த படிவத்தில் அவர் கையொப்பமிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது சம்பவ அறிக்கையாக இருக்கலாம், உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரமாகவும் இருக்கலாம். பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், இனி எதிலும் கையொப்பமிட விடாதீர்கள்.

எங்கள் ஆட்கள் பலர் இதைக் கார் விபத்தைப் போல் நினைக்கிறார்கள். கார் விபத்தில் பிழை யாருடையதாக இருந்தாலும் காப்புறுதியிலிருந்து சில கொடுப்பனவுகள் கிடைக்கும். இங்கே அப்படியில்லை. இடத்தை வைத்திருப்பவர் நியாயமான கவனம் எடுக்கவில்லை என்று நிரூபித்தால்தான் நட்டஈடு. அரை மணி முன்பு உப்புப் போட்டதற்குப் பதிவு இருந்தால் வழக்கு பலவீனமாகிவிடும். உங்கள் மாமியாரின் கவனக்குறைவும் ஒரு பங்கு என்று நீதிமன்றம் கருதினால், அந்த வீதம் தொகையில் குறையும்.

தொகையைப் பற்றியும் நேராகச் சொல்கிறேன். அமெரிக்காவில் கேள்விப்படும் கோடிக்கணக்கு இங்கே இல்லை. வலிக்கும் வேதனைக்குமான நட்டஈட்டுக்கு 1978இல் கனடா உச்ச நீதிமன்றம் 100,000 டொலர் என்ற உச்சவரம்பை வைத்தது; பணவீக்கத்தோடு அது இன்று பலமடங்கு உயர்ந்திருந்தாலும், அந்த உச்சம் வாழ்நாள் முழுவதும் படுக்கையில் இருப்போருக்கானது. மணிக்கட்டு முறிவு அதற்கு வெகு கீழே. மருத்துவச் செலவு, உடற்பயிற்சிச் சிகிச்சை, வீட்டில் அவருக்காக நீங்கள் செய்யும் பராமரிப்பு ஆகியவற்றை வேறாகக் கேட்கலாம். சுப்பர் விசாவுக்காக எடுத்த மருத்துவக் காப்புறுதி நிறுவனத்துக்கு இன்னும் அறிவிக்கவில்லையென்றால் இன்றே அறிவியுங்கள். அவர்களுக்கும் தனிக் கெடு இருக்கும். கோரிக்கை 50,000 டொலருக்குள் அடங்கினால், 2025 ஒக்ரோபர் 1 முதல் அது சிறுகோரிக்கை நீதிமன்றத்துக்கே போகும். அங்கே சட்டத்தரணி இல்லாமல், உரிமம் பெற்ற பராலீகல் எனப்படும் சட்டப் பணியாளர் ஒருவரே வாதாடலாம். வென்றால்தான் கட்டணம் என்று எடுக்கும் சட்டத்தரணிகள் உண்டு. ஆனால் தோற்றால் எதிர்த்தரப்பின் செலவில் ஒரு பகுதி உங்கள் தலையில் விழலாம். அதை யார் கட்டுவது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வழக்குப் போட்டால் விசாவுக்குப் பாதிப்பு வருமோ என்று அவர் பயப்படுவதாகச் சொன்னீர்கள். வராது. நட்டஈட்டு வழக்கு குற்ற வழக்கு அல்ல. வருகையாளருக்கும் இங்குள்ள நீதிமன்றத்தை நாட உரிமை உண்டு. கசினோவுக்குப் போனது ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தக் கூச்சத்துக்காக முறிந்த கையின் செலவை ஒரு குடும்பம் தனியே சுமப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இவை எல்லாம் ஒன்ராறியோவுக்கு மட்டும் பொருந்தும். பாலத்தைக் கடந்து அமெரிக்காவின் நியூயோர்க் பக்கம் போனால், சாதாரண அலட்சிய வழக்குக்கு மூன்று வருடம். ஆனால் அங்குள்ள செனெகா நயாகரா கசினோ பூர்வகுடிகளின் செனெகா தேசத்துக்குச் சொந்தமானது, அவர்கள் மேல் எளிதில் வழக்குப் போட முடியாதபடி இறையாண்மைப் பாதுகாப்பு இருப்பதால் மாநில நீதிமன்றத்தின் வழமையான பாதை அப்படியே திறந்திருக்காது.

மாமியார் ஊர் திரும்பும் திகதி நெருங்கினால், புறப்படுமுன் எலும்பு முறிவு மருத்துவரிடம் கை எவ்வளவு மடங்குகிறது, பிடி எவ்வளவு இருக்கிறது என்பதை அளந்து எழுதிய அறிக்கை ஒன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள்.