அழித்து அழித்து எழுதும் தம்பி

வணக்கம் சேர்,

நான் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். அம்மாவும் அப்பாவும் பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை. தம்பி தரம் 10. நன்றாகப் படிக்கிற பிள்ளை. இந்த வருஷம் ஒரு பக்கம் எழுதவே ஒரு மணித்தியாலம் எடுக்கிறான். எழுதுவான், அழிப்பான், தாள் கிழியும் வரைக்கும். ஏன்டா என்று கேட்டதற்கு, "எழுத்து சரியா விழாட்டி மலையில அம்மாவைக் குளவி கொட்டிரும்" என்றான். தவணைப் பரீட்சையில் பாதி வினாத்தாள்தான் எழுதியிருக்கிறான். சோம்பேறி என்று கணக்குப் பாட சேர் அடிமட்டத்தால் கையில் அடித்திருக்கிறார். இப்போது காலையானால் வயிற்றுவலி, அழுகை. வீட்டில் கோடாங்கி பார்த்துக் கயிறும் கட்டியாச்சு. நான் வாசித்துப் பார்த்ததில் ஓ.சி.டி. மாதிரி இருக்கிறது, வேண்டாத பயம் விடாமல் வந்து ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற மனநோய். டாக்டரிடம் இன்னும் காட்டவில்லை. என்ன வருத்தம் என்றே தெரியாமல் ஸ்கூலில் போய் என்ன கேட்பது? பேசாமல் அவனை என்னோடு கொழும்புக்குக் கூட்டிவந்து விடவா?

ஒரு அக்கா

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

வருத்தத்தின் பெயர் தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வகுப்பில் அவனால் எது முடியவில்லை என்று சொல்லத் தெரிந்தால் போதும், உதவி கேட்கலாம்.

அதற்கு முன் குளவியைப் பற்றி ஒரு வார்த்தை. கொழுந்து பறிக்கிறவர்களைக் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவது நம் மலையில் அடிக்கடி நடக்கிறதுதான், உயிர்களும் போயிருக்கின்றன. அதனால் வீட்டில், "அம்மா மேல பாசம், வேற ஒண்ணுமில்ல" என்று விட்டுவிடுவார்கள். பயம் நியாயமானதுதான். அழித்து எழுதினால் குளவி வராது என்று மனம் போட்டுக்கொண்ட முடிச்சில்தான் வருத்தம் இருக்கிறது. ஓ.சி.டி. பல நேரம் ஒருவருக்கு எது உயிரோ அதைத்தான் பிடித்துக்கொள்ளும். அழித்து எழுதியதும் ஒரு ஆறுதல் கிடைக்கும். அந்த ஆறுதலே அடுத்த தடவை இன்னும் கூடுதலாக அழிக்க வைக்கும். இது அர்த்தமில்லாதது என்று அநேகமாக அவனுக்கே தெரிந்திருக்கும், வெட்கத்தில் வாய் திறக்கமாட்டான். 100 பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிற வருத்தம் இது. பலருக்குத் தொடங்குவதே இந்த வயதில்தான். தம்பிக்கு இருப்பது அதுதானா என்று மனநல வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

ஸ்கூலுக்கு அப்பாவோ அம்மாவோ நேரில் போக வேண்டும். ஒரு நாள் பேர் போகும், அன்றையச் சம்பளம் கிடைக்காது, தெரியும். நீங்களும் லீவு போட்டுக் கூடப் போங்கள். வகுப்பாசிரியரையும் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரையும் வைத்து அதிபரின் அறையில் பேசக் கேளுங்கள். மற்ற ஆசிரியர்கள் இருக்கிற இடத்தில் வேண்டாம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் காலையில் சொன்னது பின்னேரம் எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்கு வந்துவிடும்.

கையில் ஒரு கடிதம் இருக்கட்டும். "எழுதியதைத் திரும்பத் திரும்ப அழிப்பதால் மகனால் வகுப்பு வேலையை முடிக்க முடியவில்லை. பதகளிப்பும் இருக்கிறது. வைத்தியரிடம் காட்ட ஏற்பாடு செய்கிறோம். அதுவரை இந்த உதவிகளைச் செய்து தரவும்." இவ்வளவு போதும். ஓ.சி.டி. என்று இப்போது எழுத வேண்டாம். குளவிக் கதையும் வேண்டாம், அது அவன் உங்களை நம்பிச் சொன்னது. திகதி போட்டு, ஒரு கொப்பியில் கிடைத்ததாகக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

என்ன உதவி? எழுதி முடித்த அளவுக்குப் புள்ளி போடட்டும், முடிக்காததற்குத் தண்டனை வேண்டாம். அவனது கொப்பியை வகுப்புக்கு முன்னால் தூக்கிக் காட்ட வேண்டாம். பதற்றம் ஏறினால் ஐந்து நிமிஷம் வெளியே போய், ஆலோசனை ஆசிரியரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வகுப்புக்கே வரட்டும். வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. ஒரு நாள் வீட்டில் நின்றால் மறுநாள் படியேறுவது இன்னும் கஷ்டம். அடிமட்ட விஷயத்தை அதிபரிடம் தனியாகச் சொல்லுங்கள். பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. சண்டைக்குப் போகத் தேவையில்லை, அந்தச் சுற்றறிக்கையை ஞாபகப்படுத்தினால் அநேகமாகப் போதும்.

இரக்கப்பட்டு எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாலும் வருத்தம் வளரும். "சேர், நான் எழுதினது சரியா?" என்று பத்துத் தடவை கேட்டால் பத்துத் தடவையும் "சரிடா" என்பது உதவி மாதிரித்தான் தெரியும், ஆனால் அதுவும் அழிறப்பர் செய்கிற வேலையைத்தான் செய்கிறது. ஒரு தடவை பதில் சொல்லிவிட்டு, "அடுத்த கேள்விக்குப் போ" என்றால் நல்லது. வீட்டிலும் அப்படித்தான். அழிறப்பரைப் பறித்துவிடாதீர்கள். பிழையை ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டு மேலே எழுதுவது எப்போது, எந்தப் பாடத்தில் என்று அவனும் வைத்தியரும் பேசி முடிவெடுக்கட்டும். பரீட்சைக்கு மேலதிக நேரம் கேட்பதும் அப்படித்தான். சில பிள்ளைகளுக்கு அது இன்னும் அழிக்கத்தான் உதவும். வைத்தியர் தேவை என்றால், சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவச் சான்றோடு அதிபர் மூலம் கேட்க வேண்டும். இன்னும் காலம் இருக்கிறது.

மனநல கிளினிக் எந்த நாளில் என்று டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியாவிலோ விசாரியுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை. கிளினிக்கில் பேச்சு சிங்களத்தில் நடக்கலாம். உங்களுக்குக் கொழும்புச் சிங்களம் இருக்கிறதே, அதனால்தான் கூடப் போகச் சொல்கிறேன். அவன் என்ன செய்கிறான், எவ்வளவு நேரம், எப்போதிருந்து என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பயத்தைத் தாங்கிக்கொண்டு அழிக்காமல் இருந்து பழகுவதற்குப் படிப்படியான பயிற்சி இருக்கிறது, நன்றாகவே கைகொடுக்கிறது. தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள். அது வேலை செய்யப் பல வாரம் பிடிக்கும், பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். கயிறு கையில் இருந்துவிட்டுப் போகட்டும், அதை அறுக்கச் சொல்லி அம்மாவோடு சண்டை வேண்டாம். உயிரோடு இருந்து என்ன என்கிற மாதிரி ஏதும் சொன்னால் மட்டும் கிளினிக் நாள் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

அதிபர் கையை விரித்தால், அதே கடிதத்தின் கொப்பியோடு வலயக் கல்வி அலுவலகத்தில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பானவரைப் பாருங்கள்.

கொழும்பு இப்போதைக்கு வேண்டாம். அங்கே வந்தாலும் அம்மா மலைக்குத்தான் போவார், அவன் மணிக்கொரு தடவை போன் எடுத்து, "அம்மா வந்துட்டாங்களா" என்று கேட்பான். புது ஸ்கூல், புது ஆசிரியர்கள், மறுபடி முதலிலிருந்து விளங்கப்படுத்த வேண்டும். முதலில் கிளினிக் திகதியை எடுங்கள். வைத்தியர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், மாற்றுவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.