முகக்களை என்பது எது?

கேள்வி: மூக்கும் முழியுமாக இருப்பவர்களைத்தான் அழகு என்கிறார்கள். எனக்கு அப்படி வாய்க்கவில்லை. கண்ணாடியில் சுமாராகத் தெரியும் என் முகம் புகைப்படத்தில் எனக்கே பிடிப்பதில்லை. ஆனால், பழகியவர்களோ என் முகத்தில் ஒரு களை இருப்பதாகச் சொல்கிறார்கள். எதை நம்புவது? ஒருவரை அழகாக்குவது உண்மையில் எது?

பதில்: முதலில் புகைப்பட வழக்கை முடித்துவிடுவோம். கண்ணாடி காட்டுவது இடவலம் மாறிய முகம். ஆண்டுக்கணக்கில் அதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வகிடு மறுபக்கம் போய், சற்றே ஏறிய புருவமும் இடம் மாறியிருக்கும் படம் அந்நியமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. 1977இல் வெளியான ஓர் ஆய்வில், பெண்கள் தங்கள் கண்ணாடி உருவத்தையும், அவர்களுடைய நெருங்கிய தோழிகள் அதே முகத்தின் நேர்ப்படத்தையும் பெரும்பாலும் விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். அவரவருக்குப் பழகிய முகமே அவரவருக்கு அழகு. நீங்களே கைபேசியை நீட்டிப் பிடித்து எடுத்த படம் என்றால் அதை இன்னும் நம்பாதீர்கள். அவ்வளவு அருகிலிருந்து எடுக்கும்போது முன்னால் இருக்கும் மூக்கு பெரிதாகவும் பின்னால் இருக்கும் காது சிறிதாகவும் விழும்.

அதற்காக, முக லட்சணம் என்பதே பொய் என்று உங்களைத் தேற்ற நான் முன்வரமாட்டேன். பல முகங்களைக் கணினியில் ஒன்றாகக் கலந்து உருவாக்கிய சராசரி முகத்தை, அதில் கலந்த தனித்தனி முகங்களில் பெரும்பாலானவற்றைவிட அழகானதாகப் பார்ப்பவர்கள் மதிப்பிடுவதை 1990இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால், எல்லோருடைய சாயலும் கலந்த அந்த முகம் எவருடையதும் அல்ல என்பதால், பார்த்து வியந்த சற்று நேரத்திலேயே அது எனக்கு மறந்துவிடுகிறது.

களை என்று உங்கள் மனிதர்கள் சொல்வது வேறு; அது அசைவில் இருப்பது. ஊசியில் நூல் கோக்கும் ஒரு மூதாட்டியைக் கவனியுங்கள். ஒரு கண் சுருங்கியிருக்கும்; உதடுகள் உள்ளே மடிந்திருக்கும்; மூச்சுகூட ஒரு கணம் நின்றிருக்கும். நூல் நுழைந்ததும் நெற்றி தளர்ந்து, கன்னம் உயர்ந்து, கண்ணோரச் சுருக்கங்கள் அத்தனையும் ஒருசேர விரியும். அந்த நொடியில் அவர் அழகாக இருக்கிறாரா என்று யாரும் கேட்கமாட்டோம். 1862இல் துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர், உதட்டோரத்தை உயர்த்தும் தசை நம் விருப்பத்துக்கு அசைந்தாலும், கண்ணைச் சுற்றிய தசை உள்ளார்ந்த மகிழ்ச்சிக்கே அசைகிறது என்று எழுதினார். அதையும் பழகிச் செய்துகாட்டுபவர்கள் உண்டு என்று பின்னர் தெரியவந்தது. ஆனாலும், ‘சிரியுங்கள்’ என்று சொல்லி எடுத்த படங்களில் பலருடைய கண்கள் ஏன் சும்மா இருக்கின்றன என்பது அவர் எழுதியதிலிருந்து விளங்கும்.

கண்ணாடி முன் நிற்கும் நீங்கள் உங்களைச் சரிபார்ப்பதில் முனைந்திருக்கிறீர்கள். பிறர் பேச்சில் லயித்திருக்கும்போது உங்கள் முகம் என்ன செய்கிறது என்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை. எதிரில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே, இந்த ஒன்றில் அவர்கள் சாட்சியத்தையே நான் ஏற்பேன்.

கேள்வி: அப்படியானால், நல்ல குணம்தான் அழகு என்று சொல்லிவிடலாமா?

பதில்: வேண்டாம். முகத்தையும் குணத்தையும் ஒன்றாகக் கட்டும் பழக்கம் ஏற்கெனவே நமக்கு அளவுக்கு மீறி இருக்கிறது. முன்பின் அறியாதவர்களின் படங்களை மட்டும் கொடுத்துக் கருத்துக் கேட்ட 1972ஆம் ஆண்டின் ஓர் ஆய்வில், அழகாக இருந்தவர்களுக்கே நல்ல இயல்புகளும் இனிய எதிர்காலமும் இருக்கும் என்று பலரும் தாராளமாக எழுதிக்கொடுத்தார்கள். குணம்தான் அழகு என்று நாமும் சொல்லத் தொடங்கினால், அழகில்லாதவரின் குணத்தைச் சந்தேகிப்பதும் அதன் பின்னாலேயே வரும். முகம் மலரக் கேட்பவர்களில் வஞ்சகரும் உண்டு. நாள் முழுவதும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டே, கேட்காமல் வந்து உதவிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.