மட்டிச் சிப்பியை இரவெல்லாம் உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தால் வைரஸ் போய்விடுமா?

போகாது. மணல்தான் போகும்.

காரைக்குடியில் எங்கள் வீட்டுக்குத் தொண்டியிலிருந்து மட்டி வரும் நாளில், அப்பத்தா அகலச் சட்டியில் உப்புத் தண்ணீர் விட்டுப் போட்டு வைப்பார்கள். காலையில் அடியில் ஒரு விரல்கடை மணல் படிந்திருக்கும். “அழுக்கெல்லாம் கக்கிவிட்டது” என்பார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பினேன்.

மட்டியும் ஆளி என்ற சிப்பியும் கடல்நீரை உள்ளே இழுத்துச் செவுளால் வடிகட்டி, அதிலுள்ள நுண்பாசியைத் தின்று வாழ்கின்றன. நன்கு வளர்ந்த ஓர் ஆளி மணிக்குப் பல லிட்டர் நீரை வடிகட்டும். அந்த நீரில் ஊர்ச் சாக்கடை கலந்திருந்தால், மனிதக் குடலிலிருந்து வெளியேறிய, வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸும், காமாலை தரும் ஹெபடைடிஸ்-ஏ வைரஸும் கூடவே உள்ளே போகின்றன. அங்கே அவை பெருகுவதில்லை, ஆனால் நாளுக்கு நாள் சேருகின்றன.

ஆளியின் செரிமானச் சுரப்பியில், நம் இரத்த வகையைத் தீர்மானிக்கும் சர்க்கரைகளைப் போன்றவை இருக்கின்றன. நம் குடலில் ஒட்டுவதைப் போலவே நோரோவைரஸ் அங்கும் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் சுத்தமான நீரில் விட்டால் குடலில் வாழும் இ-கோலை பாக்டீரியா ஓரிரு நாளில் குறைந்துவிட, நோரோவைரஸ் வாரக்கணக்கில் தங்குகிறது. இறாலுக்கு முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை, அதாவது குடலை, உருவி எறிகிறோம். மட்டியையோ குடலோடு சேர்த்துத்தான் தின்கிறோம்.

1988இல் ஷாங்காயில் சரியாக வேகாத மட்டியால் ஏறத்தாழ 3 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ்-ஏ வந்தது. சாப்பிட்டு 2 முதல் 7 வாரம் கழித்தே காமாலை தெரியும். அதற்குள் எந்தச் சாப்பாடு என்று யாருக்கு நினைவிருக்கும்?

மிளகும் சோம்பும் எவ்வளவு அரைத்துப் போட்டாலும் காரம் வைரஸைக் கொல்லாது, சூடுதான் கொல்லும். சதையின் உட்பகுதி 90 டிகிரி செல்சியஸில் 90 விநாடியாவது இருக்க வேண்டும். ஓடு வாய் திறப்பது அதற்கு வெகு முன்பே நடந்துவிடும். ஆகவே வாய் திறந்ததும் இறக்கிவிடாதீர்கள். நான் சதையைத் தனியே எடுத்து, மசாலா கொதிக்கும்போது போட்டு, அது சுருங்கி ஓரம் கெட்டிப்படும் வரை வேகவிடுகிறேன். கொஞ்சம் ரப்பர் போலாகும்தான், ஆனால் வீட்டில் பிள்ளைகள் சாப்பிடுகிறார்களே.

ஊறிய தண்ணீரும் ஆபத்தானதே. சட்டியையும் கையையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் கொத்தமல்லி நறுக்கப் பலகையை எடுக்கிறேன்.