வயல் எலியின் பாக்டீரியாவை அடையாளம் காண்பது எப்படி?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்களுக்கு வயல் இருக்கிறது. கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிறோம், எலித் தொல்லை அதிகம். நான் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிறேன். இந்த எலிகளில் இருக்கும் பாக்டீரியாக்களை அடையாளம் கண்டு வகைப்படுத்துவதையே ஆய்வேடாகச் செய்யலாமா? கல்லூரியில் பிசிஆர் (மரபணுத் துண்டைப் பல மடங்காகப் பெருக்கிக் கண்டறியும் முறை) வசதி உண்டு. போன மழைக்காலத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. அது எலியால் வந்ததா என்றும் தெரிந்துகொள்ள ஆசை.

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் ‘எலியில் என்னென்ன பாக்டீரியா’ என்று பொதுவாக ஆரம்பித்தால் வேலை முடியவே முடியாது. எலியின் குடலில் மட்டும் நூற்றுக்கணக்கான வகைகள் இருக்கும். பெரும்பாலானவற்றால் நமக்கு ஒரு கெடுதலும் இல்லை. எதைத் தேடுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எந்த உறுப்பை எடுப்பது, எதில் போட்டு வைப்பது, எந்த மரபணுவைப் பார்ப்பது எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

என்னைக் கேட்டால் எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைராவை எடுத்துக்கொள்ளுங்கள். அது எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. எலிக்கு நோய் எதுவும் தெரியாது. ஆனால் சிறுநீரோடு மாதக்கணக்கில் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். சேற்றில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அது தோல் வெடிப்பு வழியாக ஏறுகிறது. பாக்டீரியாக்களுக்கு வழக்கமாக ஏற்றும் கிராம் சாயத்தில் இது சரியாகத் தெரியாது, அவ்வளவு மெல்லியது. இருள்புல நுண்ணோக்கியில் பார்த்தால் கறுப்புப் பின்னணியில் வெள்ளி இழைகள், நுனி கொக்கிபோல் வளைந்து, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு ஓடும். ஆனால் அதை மட்டும் நம்பி முடிவு சொல்லாதீர்கள். திசுவின் நார்த் துணுக்குகளும் அசைந்து ஏமாற்றும். ஈஎம்ஜேஎச் என்ற வளர்ப்பு ஊடகத்தில் 28 முதல் 30 டிகிரியில் வளர்க்கலாம், ஆனால் வாரங்கள் ஆகும், சில சமயம் மூன்று மாதம்கூட. அதனால் சிறுநீரகத் துண்டில் லிப்எல்32 மரபணுவைப் பிசிஆரில் தேடுவதே உங்களுக்கு ஏற்ற வழி. நோய் உண்டாக்கும் லெப்டோஸ்பைராக்களில் அது இருக்கிறது, மண்ணிலும் நீரிலும் சாதுவாக வாழும் இனங்களில் இல்லை. துண்டை ஃபார்மலினில் போடாதீர்கள், டிஎன்ஏ சிதைந்துவிடும். 95 சதவீத எத்தனாலில் போடுங்கள், அல்லது உறைய வையுங்கள்.

வகைப்படுத்தும்போது பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. லெப்டோஸ்பைராவுக்கு இரண்டு வகைப்பாடுகள். ஒன்று, மேற்பரப்பின் எதிர்ப்பொருள் வினையை வைத்துப் பிரிக்கும் செரோவர். நோய் உண்டாக்குபவற்றில் மட்டும் 250க்கு மேல் இருக்கின்றன. மற்றொன்று, மரபணுவை வைத்துப் பிரிக்கும் இனம். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. ஹார்ட்ஜோ என்ற ஒரே செரோவர் லெப்டோஸ்பைரா இன்டெரோகான்ஸிலும் இருக்கிறது, போர்க்பீட்டர்செனியிலும் இருக்கிறது. பிசிஆரில் கிடைத்த துண்டின் டிஎன்ஏ வரிசையைப் படித்தால் இனத்தைத்தான் சொல்ல முடியும். ஆய்வேட்டில் செரோவர் பெயர் எழுதிவிடாதீர்கள்.

எல்லாப் பாக்டீரியாக்களிலும் இருக்கும் 16எஸ் மரபணு ஒன்றை வைத்தே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். பேரினம் வரை அது நன்றாகக் கொண்டுபோய் விடும், நெருங்கிய இனங்களைப் பிரிக்காது. பிளேக் கிருமியும் அதன் உறவான யெர்சினியா சூடோடியூபர்குலோசிஸும் 16எஸ்ஸில் கிட்டத்தட்ட ஒன்றேதான். லெப்டோஸ்பைராவுக்கு செக்ஒய், எலியின் ரத்தத்தில் இருக்கும் பார்டொனெல்லா என்ற பாக்டீரியாவுக்கு ஜிஎல்டிஏ என்று தனி மரபணுக்களும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம், எலியையும் சரியாக அடையாளம் காணுங்கள். கரம்பை எலியா, வெள்ளெலியா (கெர்பில்), புல் எலியா, வயல் சுண்டெலியா? எடை, உடல் நீளம், வால், பின்பாதம், காது எல்லாம் அளந்து குறிக்க வேண்டும். வெள்ளெலிக்கு வால் நுனியில் கறுப்பு முடிக்குச்சம் இருக்கும். குட்டிகளில் குழப்பம் வரும், அதனால் காதில் ஒரு சின்னத் துண்டை எடுத்து வையுங்கள். எந்த எலி என்று அதிலுள்ள சைட்டோக்ரோம் பி மரபணு தீர்ப்புச் சொல்லும். அந்தக் காதுக்குள்ளேயே ஆரஞ்சு நிறப் பொட்டுகள் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அவை உண்ணிக்காய்ச்சலைப் பரப்பும், மைட் எனப்படும் நுண்சிலந்திகளின் இளம்புழுக்கள். அந்தக் கிருமி, ஓரியன்ஷியா, தாய் நுண்சிலந்தியிலிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. எலி ரத்தத்தில் கிடைக்கவில்லை என்பதால் வயலில் இல்லை என்று ஆகாது. அந்தப் புழுக்களையும் எத்தனாலில் சேமித்து வையுங்கள்.

விலங்கு நெறிமுறைக் குழு, உயிரிப் பாதுகாப்புக் குழு இரண்டின் ஒப்புதலும் இல்லாமல் ஒரு பொறிகூட வைக்காதீர்கள். இரட்டைக் கையுறை, என்95 முகக்கவசம், கண்ணாடி கட்டாயம். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஓசூரை ஒட்டிய தமிழக, கர்நாடக, ஆந்திர எல்லைப் பகுதி பழைய பிளேக் பகுதி. வெள்ளெலி அக்கிருமியைக் காட்டில் தாங்கி வைத்திருக்கும் இனம். விஷம் வைக்காமலேயே எலிகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் தொடாதீர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். ஓசூரிலேயே பொது சுகாதாரத் துறையின் கீழ், பூச்சிகளாலும் விலங்குகளாலும் பரவும் நோய்களுக்கான நிறுவனம் இருக்கிறது. உங்கள் வழிகாட்டி மூலம் அவர்களை முன்பே அணுகுவது நல்லது. பிளேக் கிருமியையோ ஓரியன்ஷியாவையோ கல்லூரி ஆய்வகத்தில் வளர்க்க முயலவே கூடாது.

அப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். இன்று பிடிக்கும் எலி, அப்போது வந்த காய்ச்சலுக்குச் சாட்சி சொல்லாது. மறுபடி காய்ச்சல் வந்தால் முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் போங்கள். வயல் வேலை, எலி நடமாட்டம் இரண்டையும் அவரிடம் சொல்லுங்கள். அக்குள், இடுப்பு மடிப்புகளில் சிகரெட் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு இருந்தால் காட்டுங்கள். உண்ணிக்காய்ச்சலின் அடையாளம் அது, வலிக்காது என்பதால் பலர் கவனிப்பதே இல்லை.