வாழ்ந்து போதீரே

அன்புள்ள ஐயா,

என் தங்கையின் மகள் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டாள். ஆறு வயது. எட்டு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தோம். அவள் போய் இரண்டு மாதம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ‘போன ஜென்மத்துக் கணக்கு’ என்றார் ஒருவர். ‘நல்ல குழந்தைகளைக் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார்’ என்றார் இன்னொருவர். தங்கை எதற்கும் வாய் திறக்கவில்லை. குழந்தை கடைசியாகக் குடித்து மிச்சம் வைத்த தண்ணீர் அவளுடைய பாட்டிலில் அப்படியே இருக்கிறது. அதைக் கொட்ட விடமாட்டேன் என்கிறாள். நான் சிறு வயதிலிருந்தே சாமி கும்பிடுகிறவள். இப்போது கை குவிய மறுக்கிறது. கும்பிடாமலும் இருக்க முடியவில்லை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு கடவுளை எப்படி நம்புவது? நீங்கள் நம்பிக்கை உள்ளவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பதில் எழுத முடியாமல் இருந்தேன். நானும் துக்கம் கேட்க வந்து எதையாவது சொல்லிவிட்டுப் போகிறவனாக ஆகிவிடுவேனோ என்று பயம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை ஏன் போனாள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இருக்கிறது என்பவர்களை என்னால் நம்பவும் முடிவதில்லை.

வினை என்ற நம்பிக்கையை நான் குறைத்துப் பேச வரவில்லை. ‘இது என் வினை’ என்று ஒருவர் தனக்குள் சொல்லிக்கொண்டு தன் வலியைத் தாங்கலாம். பலரை அது நிமிர்த்தி வைத்திருக்கிறது. அதையே அடுத்தவரைப் பார்த்துச் சொன்னால் குற்றச்சாட்டு ஆகிவிடுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் சொன்னால் கொடுமை.

பைபிளில் வரும் யோபுவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பத்துப் பிள்ளைகளையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான். மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசாமல். அதுவரை சரி. அப்புறம் வாயைத் திறக்கிறார்கள். நீ ஏதோ தப்பு செய்திருப்பாய், காரணமில்லாமல் கடவுள் தண்டிப்பாரா என்று ஆரம்பிக்கிறார்கள். யோபு ஒப்புக்கொள்ளவில்லை. கடவுளையே வழக்குக்கு அழைக்கிறான். முடிவில் கடவுள் யோபுவையும் அதட்டத்தான் செய்கிறார். ஆனால் அவர் கோபம் திரும்புவது நண்பர்கள் மேல். என்னைப் பற்றிச் சரியாகப் பேசினவன் யோபுதான், நீங்கள் பேசவில்லை என்கிறார். தனக்காக வாதாட வந்த வக்கீல்களைக் கடவுளே தள்ளிவிட்ட இடம் அது. உங்கள் வீட்டுக்கு வந்தவர்களை நினைத்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

‘கூப்பிட்டுக்கொண்டார்’ என்பதும் என் மனதில் ஒட்டுவதில்லை. குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ரத்தப் புற்றுநோய் 1940களில் ஒரு குழந்தைக்கு வந்தால் சில மாதங்களில் முடிந்துவிடும். 1948ல் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், மருந்து கொடுத்தால் சில குழந்தைகளுக்கு நோய் கொஞ்ச காலமாவது அடங்குகிறது என்று காட்டினார். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை பிழைக்கிறார்கள். இதை உங்களிடம் சொல்லவே மனம் கூசுகிறது. உங்கள் குழந்தை அந்த ஒன்பதில் இல்லையே. ஆனாலும் கேட்க வேண்டியிருக்கிறது. அன்று போன குழந்தைகளைக் கடவுள் கூப்பிட்டார் என்றால், இன்று கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாரா? மருந்து கண்டவர்கள் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்களா? அந்தச் சாவுகளை அவர் பேரில் எழுத எனக்கு மனம் வருவதில்லை. அந்த மருந்தைத் தேட வைத்த தவிப்பை எழுதத்தான் வருகிறது. இது நிரூபணம் இல்லை, நான் சாய்ந்திருக்கும் பக்கம்.

மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்ததன் விலைதான் துன்பம் என்று ஒரு வாதம் உண்டு. போருக்கும் கொலைக்கும் பொருந்தலாம். எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு ரத்த அணு தப்பாகப் பெருகியதற்கு யாருடைய சுதந்திரம் காரணம்?

கை குவிய மறுக்கிறது, கும்பிடாமலும் இருக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். நம்பிக்கை போய்விட்டது என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். போயிருந்தால் யார் மேல் இந்தக் கோபம்?

நம் மொழியில் இந்தக் கோபம் பழசு. புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மண முழவும் கேட்கிற உலகத்தைப் பார்த்துவிட்டு, இதைப் படைத்தவன் ‘பண்பிலாளன்’ என்றே சொல்லிவிட்டார். சுந்தரரோ பக்தர், இறைவனைத் தோழன் என்றவர். கண் பார்வை போனபிறகு திருவாரூர்ப் பெருமானிடம் பாடுகிறார். உன் அடியார்கள் ‘மூளாத் தீப்போல் உள்ளே கனன்று’ தங்கள் துன்பத்தைச் சொன்னால் நீ பேசாமல் இருக்கிறாய், சரி, ‘வாழ்ந்து போதீரே’ என்கிறார். நீங்களாவது நன்றாக இருங்கள் என்று வயிறெரிந்து சொல்கிற சொல் அது. பதிகம் முழுக்க அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். அந்த வசவும் தேவாரத்தில்தான் இருக்கிறது. துதிகளோடு சேர்த்து அதையும் பாடித்தான் வருகிறார்கள். கொழுந்துவிடாமல் உள்ளேயே கனலும் தீ என்றால் என்ன என்று இந்த இரண்டு மாதத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அதனால் இப்போதைக்குக் கும்பிட வேண்டாம். திட்டுங்கள். என்னைக் கேட்டால் அதுவும் அவரிடம் பேசுவதுதான். என் அண்ணன் மகன் விபத்தில் இறந்தபோது ஒரு வருடம் நான் பிரார்த்தனை என்று செய்தது அது ஒன்றைத்தான். பதில் வரவில்லை. ஆனால் பேசுவதை நிறுத்தவும் தோன்றவில்லை. என் நம்பிக்கையில் இன்று மிச்சம் இருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த நாட்களில் வந்தவர்கள் பேசியதில் ஒன்றுகூட நினைவில்லை. எதிர்வீட்டு அம்மா ஒருவர் மட்டும் நினைவில் இருக்கிறார். வந்தார், அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணியின் கண்ணாடி அழுது அழுது உப்புப் படிந்து மங்கிப்போயிருந்தது. அதை மெதுவாகக் கழற்றி, ஊதி, கைக்குட்டையால் இரண்டு பக்கமும் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டார். சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். அந்த வீட்டுக்குள் கடவுள் வந்தாரா என்று யாராவது கேட்டால், அந்தச் சாயங்காலத்தைத்தான் காட்டுவேன்.

உங்கள் தங்கையோடு உட்கார்ந்திருங்கள். அந்தத் தண்ணீர் அவள் கொட்டும்வரை அங்கேயே இருக்கட்டும். வீடு ஒதுங்கவைக்க வருகிறவர்கள் யாரும் பாட்டிலில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.