ஓடிக்கொண்டே படிக்கும் பிள்ளையைப் பிடித்து உட்கார வைக்காதீர்கள்

அன்புள்ள தங்கைக்கு,

பின்லாந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது, எட்டு வயது மகன் வகுப்பில் பெரிய ரப்பர் பந்தின்மேல் உட்கார்ந்திருக்கிறான், சொல்வதெழுதுதல்கூடத் தாழ்வாரத்தில் ஓடித்தான் நடக்கிறது, "இங்கே படிப்பே இல்லையா அக்கா, பள்ளியை மாற்றிவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை வீடு, பஸ் டிக்கெட், ஓட்டுநர் உரிமம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவற்றுக்கு விடை சொல்லப் பலர் இருக்கிறார்கள். பள்ளியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். 2013-இல் இங்கே வந்தபோது இதே கேள்விக்குத் தவறான விடையை எடுத்துக்கொண்டு என் மகனை ஓராண்டு வாட்டியவள் நான்.

மாற்றாதீர்கள். அந்த ஓட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பாருங்கள். வாக்கியத்தை எதிர்க்கோடிச் சுவரில் ஒட்டிவைப்பார்கள். இருவரில் ஒருவன் ஓடிப்போய்ப் படித்து, மனத்தில் நிறுத்தி, திரும்பி வந்து சொல்ல வேண்டும்; மற்றவன் எழுத வேண்டும். வாசிப்பு, நினைவு, பேச்சு, எழுத்துக்கூட்டல் நான்கும் அதில் இருக்கின்றன. இது அந்த ஆசிரியரின் சொந்த விருப்பமும் அல்ல. 'லீக்குவா கோலு', அதாவது 'இயங்கும் பள்ளி' என்ற திட்டம் 2010-இல் சில பள்ளிகளில் முன்னோட்டமாகத் தொடங்கி நாடு முழுவதும் பரவியது. 2016-இல் நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டமும் செயல்வழியாகக் கற்பதை வலியுறுத்துகிறது.

மதிப்பெண்தான் உங்கள் கவலை என்றால் இதையும் கேளுங்கள். நெதர்லாந்தில் 12 பள்ளிகளில் 499 பிள்ளைகளை வைத்து இரண்டு ஆண்டுகள் நடத்திய ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. வாரம் மூன்று முறை உடலை அசைத்தபடி பாடம் கற்றவர்கள் கணக்கிலும் எழுத்துக்கூட்டலிலும் மற்றவர்களைவிட நான்கு மாதப் படிப்புக்கு மேல் முன்னேறியிருந்தார்கள். வாசிப்பில் வேறுபாடு இல்லை. அங்கே அசைவு பாடத்தோடு பின்னியிருந்தது: மும்மூன்று எவ்வளவு என்றால் ஒன்பது முறை குதிக்க வேண்டும், ஒரு சொல்லுக்கு எத்தனை எழுத்தோ அத்தனை துள்ளல். பாடத்தின் நடுவே இரண்டு நிமிடம் கைகாலை நீட்டச் சொல்வது வேறு. அது சோர்வை விரட்டுவதற்கு. ஆசிரியரைச் சந்திக்கும்போது 'எந்த அசைவு எந்தப் பாடத்துக்கு' என்று கேளுங்கள். மகிழ்ச்சியோடு விளக்குவார்கள்.

இனி எச்சரிக்கைகள். குளிருக்குப் பயந்து இடைவேளையில் பிள்ளையை உள்ளேயே வைத்திருக்கும்படி பள்ளிக்கு எழுதாதீர்கள். 45 நிமிடப் பாடம், பிறகு ஏறத்தாழ கால் மணி நேரம் வெளியே என்பது இங்கே படிப்பின் பகுதி. நம்மவர்கள் இப்படி எழுதி எழுதியே தங்கள் பிள்ளைகளைத் தனிமைப்படுத்துகிறார்கள். நட்பு முளைப்பதே அந்த முற்றத்தில்தான். உள்ளாடை, கம்பளி, காற்றுப் புகாத மேலுடை என்று அடுக்காக உடுத்தி அனுப்புங்கள். சேற்றுக் காலத்துக்கு ரப்பர் கால்சட்டை வேண்டும். வகுப்புக்குள் காலணி இல்லாமல்தான் ஓடுவான், எனவே வழுக்காத காலுறை வாங்குங்கள். பனிச்சறுக்குக் காலணி புதிதாக வேண்டாம். பழைய பொருள் கடையில் கிடைக்கும், பல பள்ளிகள் இரவலும் தரும். தலைக்கவசத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இன்னொன்றைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். வார இறுதிகளில் நம்மவர் வீடுகளுக்குப் போனால், "இங்கே வெறும் விளையாட்டுதான், நாம்தான் படிக்க வைக்க வேண்டும்" என்று சிலர் ஓதுவார்கள். பிள்ளைகளை இரவு ஒன்பது மணிவரை இணைய வகுப்பில் உட்கார வைத்திருப்பார்கள். இங்கே பதினைந்து ஆண்டுகள் இருந்தும் பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே போய் ஒரு பாடத்தைக்கூடப் பார்த்திராதவர்கள் அவர்கள். அந்தப் பேச்சை நானும் நம்பினேன். பள்ளி விட்டு வந்தவனை மேசையில் இரண்டு மணி நேரம் கட்டிப்போட்டேன். தமிழிலும் பேசாமல், பின்லாந்தின் மொழியான பின்னியத்திலும் பேசாமல் அவன் சுருங்கிப்போனான்.

ஆசிரியருக்கு நீண்ட புகார்க் கடிதம் எழுதினேன். பதிலாக, "ஒருநாள் வந்து எங்களோடு இருங்கள்" என்று அழைப்பு வந்தது. அது பிப்ரவரி மாதம். தரையில் ஒட்டுநாடாவால் எண்கோடு போட்டிருந்தார்கள். ஆசிரியர் 'ஹுப்பா' என்றதும் என் மகன் எல்லோருக்கும் முன்னால் குதித்தான். 'யுவோக்சே' என்றதும் ஓடினான். குதி, ஓடு, நில், திரும்பு: அவனுக்குள் புகுந்த முதல் பின்னியச் சொற்கள் இவைதாம். வேற்றுமொழிப் பிள்ளைக்கு உடலைப் போல இன்னொரு ஆசிரியர் கிடைக்கமாட்டார் என்று அன்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கட்டடத்துக்குள் அவன் சிரித்ததை நான் பார்த்ததும் அன்றுதான்.

மாலையில் அவன் வீட்டிலிருந்த தலையணைகளையெல்லாம் வாசலிலிருந்து சமையலறை வரை வரிசையாகப் போட்டான். ஏழாம் வாய்ப்பாடாம். "அம்மா, ஹுப்பா!" என்றான். குதித்தேன். மூவேழு இருபத்தொன்றில் மூச்சு வாங்கி நின்றேன். அவன் நாலேழு இருபத்தெட்டுக்குப் போய்விட்டு, திரும்பி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.