பிளஸ் டூ முடித்த தம்பியைச் சென்னையில் ‘கேரியர் காலேஜ்’ ஐடி டிகிரியில் சேர்க்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: தம்பி காமர்ஸ் வித் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் குரூப், 68 சதவீதம். வீடு வில்லிவாக்கம். அண்ணா நகரில் ஒரு ‘கேரியர் காலேஜ்’ மூன்று வருட ஐடி டிகிரி, கூடவே சிசிஎன்ஏ (நெட்வொர்க்கிங் சான்றிதழ்), கிளவுட் சான்றிதழ், வேலைக்கு உத்தரவாதம் எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் என்கிறது. சேர்க்கலாமா, இல்லை சாதாரண பி.சி.ஏ. போதுமா?

நான் ஓஎம்ஆரில் ஒரு நிறுவனத்தில் நெட்வொர்க், சர்வர் பார்க்கும் குழுவில் இருக்கிறேன். ஃப்ரெஷர்களை இன்டர்வியூ செய்ய என்னையும் உட்கார வைப்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

பணம் கட்டுவதற்கு முன் அந்த ஆபீஸில் ஒன்றே ஒன்று கேளுங்கள். தம்பியின் மார்க் ஷீட்டில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும், செமஸ்டர் பரீட்சையை எங்கே போய் எழுதுவான்? கவுன்சிலர் (அங்கே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எல்லாருமே கவுன்சிலர்தான்) பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி, இணைப்பு ஆணையையும் எடுத்துக் காட்டினால் மேற்கொண்டு பேசலாம். “அது டை-அப் சார், அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்றால் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

ஏனென்றால் ‘கேரியர் காலேஜ்’ என்பது நம் ஊரில் வெறும் போர்டுதான். சட்டத்தில் அப்படி ஒரு வகை இல்லை. 1956ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, பல்கலைக்கழகங்களும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் நாடாளுமன்றச் சட்டம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனங்களும்தான் பட்டம் தரலாம். கோச்சிங் சென்டர் எவ்வளவு பெரிய ஏசி கட்டடத்தில் இருந்தாலும் தராது. அதனால்தான் ‘டை-அப்’ வருகிறது. பெரும்பாலும் வேறு மாநிலத் தனியார் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்வார்கள். ஆனால் தனியார் பல்கலைக்கழகத்துக்குக் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் அதிகாரமே கிடையாது என்று 2003ஆம் ஆண்டு யுஜிசி விதி சொல்கிறது. சத்தீஸ்கரில் 2002இல் ஒரு சட்டம் போட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் முளைத்தன. சில அறைகளைத் தவிர ஒன்றும் இல்லாத பல்கலைக்கழகங்கள்கூட அதில் இருந்தன. 2005இல் உச்ச நீதிமன்றம் யஷ்பால் வழக்கில் அந்தச் சட்டப் பிரிவுகளை ரத்து செய்தது. நடுவில் சேர்ந்திருந்த பிள்ளைகளின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

இதன் வலி வேலைக்குச் சேரும்போதுதான் தெரியும். எங்கள் குழுவுக்கு ஒரு பையன் தேர்வானான். கெட்டிக்காரன், சர்வர்களில் ஓடும் லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் நன்றாகத் தெரியும். சேர்ந்த பிறகு பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன். அதில் ஏஜென்சிக்காரர்கள் மாணவனிடமோ படித்த சென்டரிடமோ கேட்டுத் திருப்தி அடைய மாட்டார்கள். மார்க் ஷீட்டில் உள்ள பதிவு எண்ணை எடுத்து, பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கே எழுதிக் கேட்பார்கள். அங்கிருந்து வந்த பதில் இரண்டே வரி: இந்தப் பதிவு எண் எங்களுடையது அல்ல. பையன் மூன்று வருடம் வகுப்புக்குப் போனது உண்மை, பரீட்சை எழுதியது உண்மை, பணம் கட்டியதும் உண்மை. எச்ஆரில் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

சரி, தொழில் சார்ந்த டிகிரி என்றாலே ஏமாற்றா என்றால், இல்லை. யுஜிசியே 2014இல் பி.வோக். (தொழிற்கல்விப் பட்டம்) என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பாடத்தில் பெரும்பங்கு தொழில் திறன், மீதி பொதுப்பாடம். ஒரு வருடத்தோடு நிறுத்தினால் டிப்ளமோ, இரண்டு வருடம் என்றால் அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூன்றையும் முடித்தால் டிகிரி. பல்கலைக்கழக இணைப்புள்ள கல்லூரி நடத்தினால் அது முறையான டிகிரிதான். அந்த அண்ணா நகர் ஆட்கள் கொடுப்பது இதுதானா என்று கேட்டுப் பாருங்கள். இருக்காது என்றே நினைக்கிறேன்.

உங்கள் தம்பிக்கு நான் சொல்வது, நம் ஊர்க் கல்லூரிகளின் ஷிஃப்ட் முறையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்பதுதான். சென்னையில் பல ஆர்ட்ஸ் காலேஜ்களில் காலை ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட் என்று இரண்டு உண்டு. காலை ஷிஃப்டில் பி.சி.ஏ. அல்லது பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தால் மதியத்துக்கு மேல் பையன் ஃப்ரீ. அந்த நேரத்தில் எந்த சென்டரில் வேண்டுமானாலும் நெட்வொர்க்கிங்கோ லினக்ஸோ படிக்கட்டும். டிகிரி பல்கலைக்கழகத்திடமிருந்து, தொழில் சென்டரிலிருந்து. இரண்டையும் ஒரே கடையில் வாங்கத் தேவையில்லை. சென்டர் சரியில்லையென்றால் அடுத்த மாதமே வேறு இடம் மாறலாம், டிகிரிக்கு ஒன்றும் ஆகாது.

அரசுக் கல்லூரிகளை மறந்துவிடாதீர்கள். நந்தனம், வியாசர்பாடி, மாநிலக் கல்லூரி எல்லாவற்றுக்கும் ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் அந்த இரண்டரை லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது. (மாநிலக் கல்லூரியில் காது கேளாத மாணவர்களுக்கென்றே தனி பி.சி.ஏ. இருக்கிறது என்பது சென்னைக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.) தம்பி ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். கேரியர் காலேஜ் போர்டை நம்பிப் போனால் அதுவும் போச்சு.

பி.சி.ஏ.வில் இரண்டு விஷயம் பாருங்கள். 2024-25 கல்வியாண்டு முதல் பி.சி.ஏ. படிப்பு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) வரம்புக்குள் வந்துவிட்டது. ஆகவே ஒப்புதல் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பி.எஸ்சி.க்கு அது தேவையில்லை. இன்னொன்று, பாடத்திட்டத்தில் கணக்கு பேப்பர் இருக்கிறதா என்பது. பின்னால் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ. போக நினைத்தால் பிளஸ் டூவிலோ டிகிரியிலோ கணக்கு படித்திருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான விதி. காமர்ஸ் குரூப் பிள்ளைகள் பலர் இதைக் கடைசி வருடத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள். எம்.சி.ஏ. இப்போது இரண்டே வருடம்.

அப்புறம் அந்த ‘கூடவே சிசிஎன்ஏ’. சிசிஎன்ஏ சான்றிதழைக் கொடுப்பது நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம். தேர்வு நடத்தும் பியர்சன் வியூ நிறுவனம் மூலமாகத் தனியாகத் தேர்வு எழுதிப் பாஸ் செய்ய வேண்டும், மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். சென்டர் தருவது ‘சிசிஎன்ஏ கோர்ஸ் முடித்தார்’ என்ற காகிதம். இரண்டரை லட்சத்தில் தேர்வுக் கட்டணம் அடக்கமா என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போகும். ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் தேர்வான ஆர்ஹெச்சிஎஸ்ஏ இன்னும் கறார். அதில் சரியான விடைக்கு டிக் அடிக்கும் கேள்வியே கிடையாது. ஒரு மெஷினைக் கொடுத்து யூசர் உருவாக்கு, டிஸ்க் பிரி, சர்வீஸ் ஓட வை என்பார்கள். 300க்கு 210 எடுத்தால்தான் பாஸ்.

இன்டர்வியூவில் நான் சான்றிதழை ஒரு பார்வைதான் பார்ப்பேன். பிறகு கேட்பது: “ஒருத்தர் போன் பண்ணி நெட் வரலைங்கிறார். மெஷினோட நெட்வொர்க் முகவரியைக் காட்டற ஐபிகான்ஃபிக் கமாண்டை அடிக்கச் சொன்னீங்க. 169.254ன்னு ஆரம்பிக்கிற நம்பர் காட்டுது. என்ன அர்த்தம்?” லேபில் உண்மையிலேயே கை வைத்தவன், மெஷின்களுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து முகவரி கிடைக்காமல் மெஷின் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று சொல்லிவிட்டு, கேபிள் போட்டிருக்கிறதா, பக்கத்து மெஷினிலும் இதே கதையா என்று என்னையே திருப்பிக் கேட்பான். ஸ்லைடு பார்த்துப் படித்தவன், நெட்வொர்க் வேலையை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாடலின் ஏழு லேயரையும் வரிசையாக ஒப்பிப்பான். எந்த லேயரில் கோளாறு என்றால் கூரையைப் பார்ப்பான். எனவே சென்டரைப் பார்க்கப் போகும்போது லேபைத் திறக்கச் சொல்லுங்கள். ரேக்கில் ஸ்விட்ச் இருந்தால் போதாது, அதில் கேபிள் செருகியிருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். அங்கே படிக்கும் ஒரு பையனை டீக்கடைப் பக்கம் பார்த்து, வாரத்தில் எத்தனை மணி நேரம் லேப் என்று விசாரியுங்கள்.

வேறு வழிகளையும் பார்த்து வையுங்கள். சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டத்துக்கு ஜேஇஇ வேண்டாம், எந்த குரூப்பும் சேரலாம், நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேற வேண்டும். குடும்ப வருமானத்தைப் பொறுத்துச் சலுகையும் உண்டு. வகுப்பு ஆன்லைன், பரீட்சை நேரில். ஒரு ரெகுலர் டிகிரியோடு இன்னொன்றை ஆன்லைனில் படிக்க 2022இல் யுஜிசி அனுமதித்துவிட்டதால் பி.சி.ஏ.வோடு சேர்த்தே படிக்கலாம். ஆனால் கணக்கும் ஸ்டாடிஸ்டிக்ஸும் பிழிந்துவிடும். தம்பிக்குக் கணக்கு பிடிக்குமா என்று நீங்கள் எழுதவில்லை. சோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் 2005 முதல் பள்ளி முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி அளிக்கிறது. டிகிரியே கேட்பதில்லை. கடும் போட்டி, இருந்தாலும் விண்ணப்பித்து வைப்பதில் நஷ்டமில்லை.

‘வேலைக்கு உத்தரவாதம்’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதை பாண்டு பேப்பரில் எழுதித் தரச் சொல்லுங்கள், வேலை கிடைக்காவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதையும் சேர்த்து.

நாளைக்கு நீங்கள் போகும்போது “சீட் கன்ஃபர்ம் பண்ண ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுத்துட்டுப் போங்க” என்பார்கள். கொடுக்காதீர்கள். முறையான கல்லூரிகளேகூட ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்று 2018இலேயே யுஜிசி சொல்லியிருக்கிறது. ஜெராக்ஸ் மட்டும் கொண்டு போங்கள், அதிலும் எதற்காகக் கொடுக்கிறோம் என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டு.